குளத்து நடுத் திட்டில் கரை தொடாத நிலம்: துறையில் எங்களுக்குப் பங்கு உண்டா?

நடுவிளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்டது எங்கள் ஊர். ஊர்க்குளம் மானாவாரிக் குளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகினால் பங்குனி வரையில் தண்ணீர் கிடக்கும், வைகாசியில் அதே இடத்தில் ஆடு மேயும். குளத்தின் உள்வாயில் ஏறத்தாழ 9 ஏக்கர் அளவில் ஒரு மேட்டுத் திட்டு இருக்கிறது. தண்ணீர் கிடக்கும் மாதங்களில் அது தீவு. திட்டு முழுவதும் பட்டா நிலம், ஒரு காலத்தில் என் ஆச்சியின் தகப்பனார் ஒருவர் பெயரிலேயே இருந்தது. அவர் 1962-இல் திட்டின் நடுப்பகுதியை இரண்டாக்கித் தம் இரண்டு பெண்மக்களுக்கும் மஞ்சள்காணியாக, அதாவது சீதன நிலமாக, எழுதிவைத்தார். சுற்றியுள்ள பகுதியைத் தம்மிடமே வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்து ஆண்மக்கள் மூவருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தார். ஆகவே மூன்று பங்குகளுக்குக் கரை உண்டு. நடுவிலுள்ள எங்கள் இரண்டு பங்குகளுக்கும் எந்தத் திசையிலும் தண்ணீர் படாது.

திட்டின் கிழக்குப் பக்கம், அந்த மூவரில் மூத்தவரான மூத்த மாமா பங்கில், ஒரு பாறை சரிவாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதைத் துறைக்கல் என்போம். பரிசலோ தெப்பமோ அணைய அந்த ஓர் இடந்தான் உண்டு. மற்ற பக்கமெல்லாம் சம்பும் கோரையும் மண்டிய சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அறுபது வருடமாக எல்லாரும் துறைக்கல்லில் ஏறி, மூத்த மாமா பனைகளின் ஓரமாக நடந்து அவரவர் பங்குக்குப் போய்வந்தோம். மாமாவின் பேரன் 2021-இல் தன் பங்கை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் துறைக்கல்லின் மேல் கான்கிரீட் படி கட்டி, போன ஐப்பசியில் கம்பிவலை வேலி போட்டு, இரும்புக் கதவில் பூட்டும் தொங்கவிட்டிருக்கிறார். எங்கள் பங்கில் 38 பனைகள், கொஞ்சம் முருங்கை, கருப்பட்டி காய்ச்ச ஒரு விடிலி, இவ்வளவுதான் இருக்கின்றன. அந்தத் துறையில் எங்களுக்கு உரிமை இருக்கிறதா, இருந்தால் எதுவரை என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கால்வாய்க்கரை எழுதியது:

தம்பி, கசப்பாக இருந்தாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சேரன்மகாதேவி அருகே கன்னடியன் கால்வாயை ஒட்டி நிலம் இருக்கிறது. என் தகப்பனார் சொந்தச் செலவில் கட்டிய நான்கு படிகளில் ஊரே குளிக்கும். நாங்கள் ஒருநாளும் தடுத்ததில்லை. இன்று அந்தப் படியில் உடைந்த பாட்டிலும் ஷாம்பு உறையும் பொறுக்குவது என் வேலையாகிவிட்டது. ஒருவன் வழுக்கி விழுந்தான், அவன் வீட்டார் என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். உங்கள் வெளியூர்க்காரர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார், வில்லங்கச் சான்று பார்த்திருப்பார், அதில் உங்கள் பாதை ஒரு வரிகூட இருந்திருக்காது. சொந்தப் பணத்தில் படியும் கட்டியிருக்கிறார். அவர் கதவு போட்டதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. மற்ற இரண்டு மாமாமார் பங்கு வழியாக நீங்கள் போகலாமே?

வழக்காடி எழுதியது:

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். பிறர் நிலத்தின் வழியாகப் போவது போன்ற உரிமைகளைச் சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம் (Easements Act) 1882 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திய சட்டம் அது. அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள், அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரிவு 15 நெடுநாள் பயன்பாட்டைச் சொல்கிறது. 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, தடையின்றி, உரிமை என்ற நினைப்போடு ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அது உரிமையாகும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். ஆனால் 'உரிமை என்ற நினைப்போடு' என்ற சொல்லில்தான் உங்களுக்குக் கண்ணி இருக்கிறது. தாய்மாமன் வீட்டுத் துறையில் மருமகப்பிள்ளைகள் இறங்கியது உறவின் இசைவால்தான், உரிமையால் அன்று என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே சொல்வார். இசைவால் நடந்தது எத்தனை வருடமானாலும் உரிமையாக முதிராது.

ஆகவே நான் பிரிவு 13-ஐப் பிடிப்பேன். ஒருவர் தம் சொத்தில் ஒரு பகுதியை மட்டும் மற்றவருக்கு மாற்றிக்கொடுத்து, மீதியைத் தாமே வைத்துக்கொள்ளும்போது, அந்த மீதியின் வழியாகப் போகாமல் கொடுத்ததை அனுபவிக்கவே முடியாது என்றால், அந்த வழி கொடுத்ததோடு சேர்ந்தே போய்விடுகிறது. பத்திரத்தில் எழுத வேண்டும் என்பதில்லை. இதற்குத் தேவைவழி உரிமை என்று பெயர். உங்கள் பூட்டனார் நடுவைக் கொடுத்துச் சுற்றைத் தாம் வைத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணத்திலேயே சுற்றுப் பகுதி முழுவதும் இந்தக் கடமைக்கு உட்பட்டுவிட்டது. பிற்பாடு அதைப் பிரித்தவர்களும் வாங்கியவர்களும் அந்தக் கடமையோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பக்கமாக வழி விடுவது என்பதைப் பிரிவு 14-இன்படி கடமைப்பட்ட நிலத்துக்காரர் சுட்டலாம், ஆனால் அது உங்களுக்கு நியாயமான வசதியுள்ளதாக இருக்க வேண்டும். முழங்கால் சேற்றைச் சுட்டிக்காட்டி இதுதான் வழி என்று எந்த மாமாவும் சொல்ல முடியாது.

தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் இதற்குமேல் சொல்வது சரியாகாது. நகல் எடுத்து வாருங்கள். அதுவரை ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பிரிவு 15-இன் விளக்கப்படி, தடை தெரிந்த பிறகு ஓர் ஆண்டு அதற்கு இணங்கி இருந்துவிட்டால்தான் அது தடையாகக் கணக்கில் ஏறும். போன ஐப்பசியில் போட்ட பூட்டுக்கு இன்றே எழுத்தில் ஓர் ஆட்சேபணை, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் போகட்டும்.

பாளைசீவி எழுதியது:

நான் பனையேறியின் மகன். பூட்டுக்கு ஒரு சாவி வாங்கிக்கொண்டால் ஆகிவிடாதா என்று யாராவது சொல்வதற்கு முன் இதை எழுதுகிறேன். பனைக்குக் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையை இரண்டு வேளையும் ஒரு மெல்லிய சீவல் சீவாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாவிட்டாலோ, இறக்கியதை நேரத்துக்கு அடுப்பில் ஏற்றாவிட்டாலோ பதநீர் புளித்துவிடும். விடிவதற்கு முன் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டித் தெப்பத்தில் வந்து இறங்குகிறவன், காவல்காரர் பல் துலக்கி வரும்வரை கதவுக்கு வெளியே நிற்க முடியாது. மாசியிலும் பங்குனியிலும் பனை நன்றாகச் சுரக்கிறது, குளத்திலும் தண்ணீர் கிடக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகு கிடைக்கும் வழியால் அந்த இரண்டு மாதத்து வருமானம் திரும்பி வராது.

டெட்ராய்ட் நெல்லை எழுதியது:

இருபது ஆண்டுகளாக மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன; ஏரித்தீவுகளில் மனை வாங்குகிறவர்களும் உண்டு. கரைமனைக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால் கரையில்லாத மனைக்காரர்களும் இதே சண்டையைத்தான் தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள மரபில், தண்ணீரைத் தொடும் நிலத்துக்குத்தான் படகுத்துறை கட்டும் உரிமை. பின்மனைக்காரருக்குக் கரைவரை நடந்துபோகும் பாதை எழுதிக்கொடுத்திருந்தாலும், அந்தப் பாதையின் நுனியில் துறை கட்டுவதும் படகை நிரந்தரமாகக் கட்டிவைப்பதும் தனி உரிமைகளாகவே கருதப்படுகின்றன. இந்த மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் ஒரு வழக்கில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தது. பாதையை எழுதிக்கொடுத்தவர் அந்த நாளில் என்ன நினைத்துக் கொடுத்தார் என்பதுதான் கேள்வியின் நடுப்புள்ளி.

அந்தச் சட்டம் அங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றையும் பிரித்துப் பேசினால் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்: கரையில் இறங்கி நடப்பது, தெப்பத்தைக் கட்டிவைப்பது, புதிதாக எதையாவது கட்டுவது. 'துறை எங்களுக்கும் சொந்தம்' என்று ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கேட்டால், மூன்றாவதைக் காட்டி முதலாவதையும் மறுத்துவிடுவார்கள்.

ஓய்வில் இருப்பவன் எழுதியது:

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லாரும் யார் துறை, யார் துறை என்று கேட்கிறீர்கள். அந்தத் துறைக்கல் திட்டுக்காரர் யாருடையதாகவும் இல்லாமல் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையே!

குளத்துக்கு முழு நீர்மட்டம் என்று ஓர் அளவு உண்டு; மறுகால் பாயத் தொடங்கும், அதாவது உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறத் தொடங்கும், உயரம் அது. உள்வாயில் பட்டா இருக்கலாம், அதில் வியப்பில்லை. ஆனால் பட்டாவின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் புலப்பட நகலும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேடும் (ஊர் நிலப் பதிவேடு)தான் சொல்லும், வேலி சொல்லாது. சரிந்து தண்ணீருக்குள் இறங்கும் பாறையின் அடிப்பகுதி பெரும்பாலும் குளம் புறம்போக்கில்தான் விழும். நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இலேயே, தனியார் சொத்து என்று நிலைநாட்டப்படாத குளங்களும் ஏரிகளும் அரசின் சொத்து என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கும் மேலே 2007-இல் வந்த குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. குளத்தை அளந்து எல்லை காட்டிவிட்டால், அந்தக் கான்கிரீட் படிக்கு அறிவிப்பு ஒட்ட ஒரு பசையும் ஒரு தாளும் போதும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட குளமானால் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்ததானால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாரிடம் மனுப் போடுவது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எனவே இரண்டு தரப்புக்கும் சொல்கிறேன். கதவு போட்டவர் தமக்குச் சொந்தமில்லாத இடத்தில் கட்டியிருந்தால், அந்தப் படியை வைத்து யாரையும் மறிக்க முடியாது. அதேபோல நடுப்பங்குக்காரர்கள் தனியாக ஒரு துறை கட்டலாமா என்று கேட்டால், சேற்றுப் பக்கமாக இருந்தாலும் அது புறம்போக்குதான், உங்களுக்கும் அதே அறிவிப்புதான் வரும்.

கால்வாய்க்கரை எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் நான்கு படிகளும் யாருடையவை என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒன்று: இந்தச் சண்டையில் யாராவது கோபத்தில் மனுப் போட்டு நில அளவையரை வரவழைத்தால், படி இடிபடும், நாளைக்கு வெறும் பாறை மிஞ்சும். இருவருக்கும் அது நட்டந்தானே?

ஓய்வில் இருப்பவன் எழுதியது:

வெறும் பாறையில்தான் அவர்கள் அறுபது வருடம் இறங்கியிருக்கிறார்கள். நட்டம் ஒருவருக்குத்தான்.

காணிக்காரி எழுதியது:

இசைவா, உரிமையா என்று வழக்காடி அவர்கள் எழுதிய இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் வீட்டிலும் மஞ்சள்காணி உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த நிலம் என்றைக்கும் நடுவிலோ கடைக்கோடியிலோதான் இருக்கும். வாய்க்காலும் வண்டிப்பாதையும் ஆண்மக்கள் பங்கில் இருக்கும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால், 1962-இல், தகப்பனார் உயிரோடு இருக்கையில் அவர் விரும்பிக் கொடுத்ததுதான் பெண்ணுக்குக் கிடைத்தது. அப்படிக் கொடுத்தவர், 'நிலம் உனக்கு, அங்கே போவது உன் அண்ணன் தயவு' என்று நினைத்துக் கொடுத்திருப்பாரா? அண்ணன் உயிரோடு இருக்கிறவரை அது தயவாகவே தெரிந்திருக்கும், ஏனென்றால் யாரும் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை. நிலம் வெளியாள் கைக்குப் போன அன்றுதான் தயவு எது, உரிமை எது என்ற கேள்வி பிறந்தது. அந்த ஆச்சிமார் யாராவது துறைக்கல்லில் இறங்க அனுமதி கேட்டதை ஊரில் எவராவது பார்த்ததுண்டா என்று விசாரித்து எழுதுங்கள்.

நடுவிளை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1962-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. நான்கு எல்லைகளையும் சொன்ன பிறகு, மரம் மட்டை விவரங்களோடு, 'மாமூல் வழிநடை பாத்தியம் உள்பட' என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. துறை என்ற சொல் இல்லை. பாகப் பத்திரத்தில் எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

காணிக்காரி அம்மா கேட்டதை என் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர்களுக்கு வயது 81. 'துறைக்கல்லுக்கு யார்ட்டப் போய்க் கேக்க, குளத்துக்கிட்டயா?' என்றார்கள். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொரு நடுப்பங்கு என் சித்தி மகனுடையது. அவன் அதில் நான்கு குடில் போட்டு, இயந்திரப் படகில் ஆட்களைக் கூட்டிவந்து தங்கவைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறான். வெளியூர்க்காரர் வேலி போட்டதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று அவருடைய காவல்காரர் மூலம் தெரிந்தது. அவர் தென்னையும் கொய்யாவும் வைத்திருக்கிறார், ஆள் நடமாட்டம் வேண்டாம் என்று நினைக்கிறார். எங்கள் பனையேறிமேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று மறுகால் கொள்ளாமல் தண்ணீர் ஏறித் திட்டு பாதியாகச் சுருங்கியது. அவருடைய காவல்காரர் குடும்பம், எங்கள் விடிலியில் இருந்த இரண்டு பேர், பதினொரு ஆடு, எல்லாரும் துறைக்கல்லில் கூடித்தான் மீன்பாசிக் குத்தகைக்காரரின் பரிசலில் ஏறினார்கள். அப்போது அங்கே கதவு இல்லை. புதுப் படிகள் மூழ்கிப்போய்ப் பாறையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் கயிறு தேய்த்துத் தேய்த்து விரல் ஆழத்துக்கு விழுந்திருக்கும் பள்ளத்தில்தான் பரிசல் கயிற்றைச் சுற்றினார்கள்.

வழக்காடி எழுதியது:

அந்த நான்கு சொற்கள் போதும். 'மாமூல் வழி' என்றால் 1962-இல் வழக்கமாக இருந்த வழி, 'பாத்தியம்' என்றால் உரிமை. அந்த வழி தண்ணீர்க் காலத்தில் துறைக்கல்லில்தான் தொடங்கியது என்பதற்கு உங்கள் பெரியம்மாவும் ஊரும் சாட்சி, கயிற்றுப் பள்ளமும் சாட்சி. குளம் வற்றினால் தேவை போய்விடுமே, பிரிவு 41-இன்படி உரிமையும் போய்விடாதா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். போகாது. வறண்ட குளத்தில் நடந்து வந்தாலும், யாராவது ஒருவரின் சுற்றுப்பங்கை மிதிக்காமல் நடுப்பங்குக்குள் கால்வைக்க முடியாது.

ஆனால் உங்கள் சித்தி மகனுக்கு இதே சட்டத்தில் பதில் இருக்கிறது. பிரிவு 28-இன்படி, தேவைவழி உரிமை அது பிறந்த நாளின் தேவை அளவுக்குத்தான் நீளும். 1962-இல் இருந்த தேவை பனையேறியும் விறகுச் சுமையும் கலயமும். விடுதி விருந்தினர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பிரிவு 29-உம் தன் நிலத்தின் பயனை மாற்றிப் பிறர் நிலத்தின்மேல் சுமையைக் கூட்டக் கூடாது என்கிறது. அவருக்காக நீங்கள் வாதாடினால் உங்கள் வழக்கும் சேர்ந்து கெடும். இரண்டு பங்கும் ஒரே மனுவில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வெளியூர்க்காரருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டியவை உண்டு. அவர் கேட்டால் நீங்கள் தோப்பு முழுவதும் அலையாமல் ஓரமாக ஒரு குறிப்பிட்ட தடத்தில் மட்டும் நடக்க வேண்டும். பிரிவு 22 அதைச் சொல்கிறது. வழியைச் செப்பனிடும் செலவு பிரிவு 25-இன்படி உங்களுடையது, அவருடையது அன்று. பூட்டு கூடாது, ஆடு மாடு புகாமல் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு இருக்கலாம்.

காணிக்காரி எழுதியது:

படகைப் பற்றி ஒரு வார்த்தை. கூந்தன்குளம் பக்கத்திலேயே இருக்கிறது. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். நம் குளத்து மரங்களிலும் அதே பறவைகள்தாம் அடைகின்றன. இயந்திரப் படகு யார் பங்குக்கு வந்தாலும் வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

நடுவிளை எழுதியது:

நேற்று வெளியூர்க்காரரை நேரில் பார்த்தேன். பத்திர நகலைக் கொடுத்தேன். புலப்பட நகலையும் பக்கத்தில் விரித்துவைத்தேன், அதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. படி எந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதை அவரே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வடக்கு வேலியை ஒட்டி 4 அடித் தடம், பூட்டில்லாத கதவு, தெப்பம் ஒன்றை மட்டும் பாறையில் கட்டிக்கொள்ளலாம், இயந்திரப் படகு கிடையாது, தங்குவோர் வழி கிடையாது என்று ஒப்புக்கொண்டார். சித்தி மகன் என்னோடு பேசுவதில்லை. இதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதுமா?

வழக்காடி எழுதியது:

போதாது. அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும் ஆவணம், பதிவுச் சட்டம் 1908-இன் பிரிவு 17-க்கு உட்பட்டது. பதிவு செய்யுங்கள்; பதிவானால் அடுத்து வாங்குகிறவர் பார்க்கும் வில்லங்கச் சான்றிலும் அது வந்து நிற்கும். தடத்தின் அளவைப் படமாக இணையுங்கள். 'துறை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'துறைக்கல் என வழங்கும் பாறை' என்றே எழுதுங்கள், கான்கிரீட் படியைப் பற்றி இருவரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

நடுவிளை எழுதியது:

அடுத்த வாரம் பதிவுக்குப் போகிறோம். பூட்டை இன்று காலையிலேயே கழற்றிவிட்டார். கதவின் கீல் இன்னும் மழைத்துருவில் இறுகிக் கிடக்கிறது, எங்கள் பனையேறி கருப்பட்டிச் சட்டியில் மிஞ்சிய ஆமணக்கெண்ணெயைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஏறப் போயிருக்கிறார்.